இடமில்லை என்றது பெட்டி

"இதுல அடுப்பே கிடையாது மாமா," என்றான் எழிலன். "அரிசிய மட்டும் கையில வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் கிடங்கின் மெஷின் ரூமில் அமோனியா வாடை இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கினால் எரிச்சல் அதிகமாகும் என்று தெரிந்தும் டேவிட் ராஜ் கசக்கினான்.

மேஜைமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் முகத்தில், ஆயுத பூஜைக்கு யாரோ மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை காய்ந்து கிடந்தது. கேஸ் கசிந்தால் மோப்பம் பிடித்து சைரனை அலற வைக்க வேண்டியது இந்தப் பெட்டியின் வேலை. எப்போது அலறியது என்று எழுதி வைக்க வேண்டியதும் இதன் வேலைதான்.

போன வாரம் விடிகாலையில் குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த லோடுமேன் ராஜாமணி, நுரையீரல் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனை உள்ளே போய் இழுத்து வந்த ஆபரேட்டர் மரியலூர்து, இரண்டு கையிலும் கட்டோடு போலீஸ் காவலில் இருக்கிறான். சைரன் அடித்தும் எழுந்திருக்காமல் தூங்கினான் என்பது கம்பெனியின் புகார். சைரன் அடிக்கவே இல்லை என்பது அவன் சொல்.

டேவிட் ராஜின் அப்பா இதே துறைமுகத்தில் உர மூட்டை சுமந்தவர். சுமை வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று தெரியும். விபத்து என்று வந்துவிட்டால் பழி மேலே ஏறாது, படிப்படியாக இறங்கும். இறங்கி, இதற்குமேல் இறங்க ஆளில்லை என்கிற இடத்தில் நிற்கும். மரியலூர்துவின் மனைவி சகாயசெல்வி வந்து கேட்டபோது, திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் டேவிட் ராஜ் அதனால்தான் வேறெதுவும் யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த மனைவியின் தம்பி எழிலனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"அடுப்பு இல்லன்னா என்னான்னு தமிழ்ல சொல்லு மச்சான்."

"சைரன் அடிச்ச கணக்கு ஒரு ஃபைல்ல இருக்குது. அந்த ஃபைல யாரோ அமுக்கி, சுருக்கி வெச்சிருக்காங்க. பிரிக்கிறதுக்கு ஸீலிப்னு ஒரு லைப்ரரி வேணும், ரெடிமேடா எழுதி வெச்ச புரோகிராம் மூட்டை. அது இந்தப் பெட்டியில இல்ல. சரி, நாமளே சமைச்சுப் போடலாம்னு மூலப் பொருளக் கொண்டாந்தேன். சமைக்கிற புரோகிராமும் இல்ல. இதுல ஓடுறது, யூனிக்ஸ்னு பெரிய சிஸ்டம் ஒண்ணு இருக்குது, அது சாயல்ல எவனோ எழுதுன குட்டி சிஸ்டம். பாக்குறதுக்கு அண்ணன் மாதிரியே இருக்குது. அண்ணன் சட்டை ஒண்ணும் சேர மாட்டேங்குது."

"ஃபைல வெளிய எடுத்து உன் லேப்டாப்புல பிரியேன்."

"கூடாது," என்றாள் நாற்காலியில் இருந்த சந்திரலேகா. தொழிற்சாலை ஆய்வாளர். பெட்டியைத் தொட விடும் முன்பே அதைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டவள், காலையிலிருந்து அந்த மேஜையை விட்டு அசையவில்லை. "ஃபைல் வெளிய போனா, நீங்க மாத்திட்டீங்கன்னு கம்பெனி சொல்லும். இந்தப் பெட்டியிலயே, என் கண்ணு முன்னாடியே திறக்கணும்."

"அதுதாங்க முறை," என்றான் ஸ்ரீதர். கம்பெனியின் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை. அந்த ஃபைலைத் தன் லேப்டாப்பில் பிரித்து அடித்த பிரிண்ட்அவுட் ஒன்றை முன்னாலேயே ஆய்வாளரிடம் கொடுத்திருந்தான். விடிகாலை சைரன் அடித்தது, நிற்காமல் அடித்தது என்று அதில் இருந்தது. "தெறக்க முடியலன்னா பிரிண்ட்அவுட் இருக்குது மேடம். ஏன் கஷ்டப்படுறீங்க?"

"நான் இந்தக் காகிதத்த நம்பலை," என்றாள் சந்திரலேகா. "ஆனா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போயாகணும். வேற எதுவும் கிடைக்கலன்னா இதத்தான் வைக்கணும். அப்புறம் அந்த ஆள ரிமாண்ட் பண்ணுவாங்க. அது என் கையில இல்ல."

கதவோரம் நின்ற சகாயசெல்வி இதைக் கேட்டாள். இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்த கைகள். புடவை முந்தானையில் கணவனின் செல்போன் முடிந்திருந்தது. போலீஸ் அழைத்துப் போகும்போது அவன் கொடுத்துவிட்டுப் போனது.

"இந்தப் பெட்டிய செஞ்சது யாரு?" என்றான் டேவிட் ராஜ்.

"சிதம்பரத்துல ஒரு லேடி. ரெபேக்கான்னு," என்றான் ஸ்ரீதர். "போனே எடுக்காது. எடுத்தாலும் திட்டும்."

"நமக்குப் பழக்கந்தான்," என்றான் எழிலன். "எங்க அக்காவும் அப்படித்தான்."

---

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மாடிப்படி ஏறினால் சால்டரிங் புகை. ஐம்பதைத் தாண்டிய ரெபேக்கா, ஆய்வாளரின் கையெழுத்துப் போட்ட கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு அலமாரிக் கதவு தானாகத் திறக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்த சாம்பல் நிறப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். கடலூர்ப் பெட்டிக்கு இரட்டைப் பிறவி.

"இதுல அடுப்பு இருக்குது," என்றான் எழிலன் பரவசத்தோடு.

"அடுப்பா? கம்பைலர்னு சொல்லு. உக்காரு."

இருவரும் தட்டினார்கள். லைப்ரரியை நிறுவும் ஸ்கிரிப்ட் முதல் கேள்வியிலேயே நின்றது. நீ எந்த சிஸ்டம் என்று கேட்டது. பெட்டி தன் பெயரைச் சொன்னது. அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று ஸ்கிரிப்ட் கதவைச் சாத்தியது.

"ரேஷன் கார்டுல பேரு இல்லன்னு திருப்பி அனுப்புற மாதிரி இருக்குது," என்றான் எழிலன்.

"பொய் சொல்லு. பெரிய சிஸ்டம் ஒண்ணு பேரச் சொல்லு, நம்பிடும்."

நம்பியது. கொஞ்ச தூரம் ஓடியது. வரிகள் மளமளவென்று ஏறின. பிறகு கரண்ட் போனது.

ஃபேன் நின்று, தெருவில் ஆட்டோக்காரன் யாரையோ திட்டுவது தெளிவாகக் கேட்டது. டேவிட் ராஜ் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூட்டை என்றால் தோள் கொடுக்கலாம். முட்டினால் உடையும் கதவென்றால் முட்டலாம். இதில் தோளுக்கு ஒரு வேலையும் இல்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரம்.

கரண்ட் வந்தது. முதலிலிருந்து மறுபடி. இந்த முறை பாதியில், இல்லாத ஒரு உறுப்பைத் தேடி முரண்டு பிடித்தது. ரெபேக்கா அந்த வரியையே நீக்கினாள். மறுபடி. வேறொரு வரி. அதையும் நீக்கினாள்.

"இப்படியே போனா லைப்ரரியில அலமாரிகூட மிஞ்சாது," என்றான் எழிலன்.

"பிரிக்கிற பாகம் மிஞ்சினா போதும், வாயை மூடு." அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "நான் பெட்டி குடுக்கும்போது இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. மணி அடிக்கணும், அடிச்சத எழுதணும். வேற எதுவும் வேணாம், விலையக் கொறைங்கன்னு வாங்கிட்டுப் போனாங்க. வெறும் எழுத்துல எழுதும். அவ்வளவுதான்."

டேவிட் ராஜ் அதைக் காதில் வாங்கினான். மனதில் வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தின் நிழல் நீள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக லைப்ரரி வெந்து இறங்கியது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்த ரெபேக்கா, ஒரு சீட்டில் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தாள். "இது அட்மின் பாஸ்வேர்டு. என்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு. கம்பெனிக்காரங்களுக்குச் சும்மா ஒரு லாகின் குடுத்தேன். தங்களோட ஃபைல உள்ள வைக்கலாம். பெட்டி எழுதுறதுல கை வைக்க முடியாது. வேலை முடிஞ்சதும் சீட்டக் கிழிச்சுப் போட்டுடு."

"போன் பண்ணினா எடுப்பீங்களா மேடம்?" என்றான் எழிலன்.

"இனிமே எடுக்கறேன். போ."

---

பைக்கில் வரும்போது ஆலப்பாக்கம் கேட்டில் ரயிலுக்காக நிற்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, முதுநகர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சந்திரலேகா பேனா மூடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தாள்.

பெட்டியில் செருகுவதற்கு இரண்டு ஓட்டைகள். காலையிலேயே கீபோர்டை ஒன்றில் மாட்டியாயிற்று. மற்றதில் பென்டிரைவைச் செருகப் பார்த்தால் உள்ளே போகவில்லை. சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணக் குளிப்பாட்டிப் பளிச்சுனு வெச்சிருக்கீங்க, இன்னொண்ணு என்னா பாவம் பண்ணுச்சு?" என்று ஸ்ரீதரிடம் கேட்டான் எழிலன். சகாயசெல்வி தன் முந்தானையிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். சுரண்டினான்.

"பூஜைக்கு அப்புறம் அந்தப் பெட்டியில எவனும் கை வைக்கல சார்," என்றான் ஸ்ரீதர். "அப்படியே இருக்குது."

பென்டிரைவ் ஏறியது. லைப்ரரியை நகலெடுக்கச் சொன்னான் எழிலன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

"இடமில்லையாம்," என்றான்.

மறுபடி கொடுத்தான். அதே வரி. இன்னொரு மூலையில் வைத்துப் பார்த்தான். அதே வரி.

"ஒரு தேங்கா மூடி அளவு சாமானுக்கு எடமில்லங்குது மாமா. எனக்கு இதத் தூக்கிக் கடல்ல போடணும்போல இருக்குது. கடலும் கிட்டதான் இருக்குது."

"ஆபீஸ் மூடுற நேரம்," என்று நினைவூட்டினான் ஸ்ரீதர்.

எழிலன் பெட்டிக்குள் துழாவினான். "இங்க ஒரு தடியன் படுத்திருக்கான். ஒரே ஃபைலு, வீடு முழுக்க அடச்சிக்கிட்டு. பேரும் ஒழுங்கா இல்ல, சும்மா 'அவுட்'னு இருக்குது. குப்பைதான். அட்மின் பாஸ்வேர்டு இருக்குது, அழிச்சிடவா?"

"எறியாத," என்றான் டேவிட் ராஜ். சுமைக்காரர்கள் சொல்லிச் சின்ன வயதிலிருந்து காதில் ஏறிய ஒழுங்கு அது. இடம் வேண்டுமென்றால் அடுத்தவன் சரக்கை இறக்கி வைப்பார்கள், எறியமாட்டார்கள். "எறக்கி வை."

"பென்டிரைவ் என் மேஜைய விட்டு நகரக்கூடாது," என்றாள் சந்திரலேகா.

தடியன் பென்டிரைவில் இறங்கினான். லைப்ரரி உள்ளே ஏறியது. இந்த முறை ஒரு முணுமுணுப்பும் இல்லை. எழிலன் சுருக்கிய ஃபைலைப் பிரிக்கச் சொன்னான். பிரிந்தது. சந்திரலேகா எழுந்து வந்து திரையையும் பிரிண்ட்அவுட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விடிகாலை, சைரன் அடித்தது. நிற்காமல் அடித்தது. யாரும் நிறுத்தவில்லை. வரிக்கு வரி அதே.

அறையில் எல்லோரும் எழிலனைப் பார்த்தார்கள், அவன்தான் செய்தது போல.

"அப்போ அது உண்மைதான்," என்றாள் சந்திரலேகா. குரலில் ஏமாற்றம். நாற்காலிக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தாள்.

சகாயசெல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான்.

டேவிட் ராஜ் வெளியே போய் ஒரு பீப்பாயை எட்டி உதைத்தான். கால் வலித்தது. நாள் முழுக்க ஓடி ஓடி, அந்த மனுசன் கழுத்துக்கான கயிற்றைத் தானே திரித்துக் கொடுத்தாயிற்று.

எழிலன் பின்னாலேயே வந்தான். "அமுக்குனவன் எவன்னு தெரிஞ்சா நாலு அறை வைப்பேன் மாமா. எதுக்கு அமுக்குறான்? எங்கப்பா பண்ருட்டியில பலாப்பழ லோடு ஏத்துவாரு. எடம் இருக்குற லாரியில எவனும் எதையும் அமுக்க மாட்டான். எடம் இல்லாதப்பதான் அமுக்கித் திணிப்பானுங்க."

டேவிட் ராஜ் காலைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனான்.

"மேடம், எழுதாதீங்க. ஸ்ரீதர் சார், இந்த ஃபைல சுருக்குனது யாரு?"

"யாரு சுருக்குவாங்க? பெட்டிதான். தன்னால சுருக்கி வெச்சிக்கும்."

"எதால?"

ஸ்ரீதர் விழித்தான்.

"சுருக்குறதுக்கும் அதே லைப்ரரிதான, மச்சான்?"

"அதேதான் மாமா. கட்டுறதும் அவன்தான், அவுக்..." எழிலன் வாயைத் திறந்தபடியே நின்றான்.

"காலையிலேர்ந்து அந்த லைப்ரரி இல்லாமத்தான் சிதம்பரம் வரைக்கும் நாய் மாதிரி அலைஞ்சோம்," என்றான் டேவிட் ராஜ். "நாங்க வந்து வைக்கிற வரைக்கும் இந்தப் பெட்டிக்குச் சுருக்கவே தெரியாது. தெரியாத பெட்டி இந்த ஃபைல எப்படிச் சுருக்குச்சு?"

"முன்னாடி இருந்திருக்கும். யாராச்சும் எடுத்திருப்பாங்க."

"எடுக்கணும்னா அட்மின் பாஸ்வேர்டு வேணும். அது ரெபேக்கா மேடத்துகிட்ட மட்டுந்தான். அவுங்க இத வெக்கவே இல்லன்னு மத்தியானம் சொன்னாங்க. எனக்குத்தான் ஒறைக்கல. மேடம், காலையில எங்களக் கை வைக்க விடுறதுக்கு முன்னாடி பெட்டியப் போட்டோ எடுத்தீங்களே, அதக் காட்டுங்க."

சந்திரலேகா செல்போனை நீட்டினாள். சந்தனப் பட்டை இரண்டு ஓட்டைகளுக்கும் மேல் ஒரே இழுப்பாக ஓடியது. ஒரு ஓட்டையை மூடியிருந்தது. மற்ற ஓட்டைக்கு மேல் மட்டும், சுரண்டியெடுத்த சதுரம்.

"பூஜைக்கு அப்புறம் எவனும் கை வைக்கலன்னு சொன்னீங்க. கையோட பென்டிரைவும் வெச்சிருக்கீங்க. வெளியில எழுதி, கொண்டாந்து உள்ள வெச்ச ஃபைலு இது. வெறுமனே வெச்சிருந்தா நானும் நம்பியிருப்பேன். ஏன் சுருக்குனீங்க? பெட்டியில எடமில்ல. அந்தத் தடியன அழிக்க உங்க லாகினுக்கு உரிமையில்ல. அமுக்கித் திணிச்சீங்க."

"அப்போ அந்தத் தடியன் யாரு?" என்றாள் சந்திரலேகா.

எழிலன் அவள் மேஜையிலிருந்த பென்டிரைவில் அதைத் திறந்தான். வெறும் எழுத்து. நிமிடத்துக்கு ஒரு வரி. வால் வரைக்கும் போனான். கடைசி வரி ஒரு சொல்லின் நடுவில் அறுந்திருந்தது. போன ஆவணி மாதத் தேதி.

ரெபேக்காவுக்குப் போன் போட்டார்கள். எடுத்தாள்.

"மொதல்ல எழுதும், அப்புறந்தான் அடிக்கும்," என்றாள் ஸ்பீக்கரில். "எழுத்துல இல்லாத மணிய நீங்கல்லாம் நம்ப மாட்டீங்கன்னு அப்படி வெச்சேன். எழுத எடமில்லன்னா? எழுதாது, மணியும் அடிக்காது, நின்னுடும். திரையில சொல்லும். அப்பப்ப பழசக் காலி பண்ணணும், கூப்பிடுங்க வந்து பண்றேன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஒருத்தரும் கூப்பிடல."

"ஆவணியில செத்திருக்குது," என்றான் எழிலன் மெதுவாக. "அதுக்கப்புறம் ஆயுத பூஜையில பொணத்துக்குச் சந்தனம் பூசியிருக்கீங்க. நான் வேற குப்பைன்னு எறியப் பாத்தேன்."

ஸ்ரீதரின் சட்டை முதல் முறையாகக் கசங்கியிருந்தது. "மேடம், ஃபைல் விஷயம் மொதலாளி சொல்லிப் பண்ணினது. ஆனா பெட்டி நின்னது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆபீஸ் ரூம்ல இருக்குறவன். திரையில என்ன வருதுன்னு ஆபரேட்டர்தான் சொல்லணும். அவன் சொல்லவே இல்ல. அது அவன் தப்புதான."

பழி மறுபடியும் படியிறங்கப் பார்த்தது. சந்திரலேகா டேவிட் ராஜைப் பார்த்தாள்.

சகாயசெல்வி மேஜைக்கு வந்தாள். இவ்வளவு நேரமும் அவள் அந்தத் திரைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். இப்போதுதான் அதன் முகம் அவளுக்குத் தெரிந்தது. எழிலன் திரும்பத் திரும்பக் கொடுத்துத் தோற்ற வரிகள் மேலே அப்படியே நின்றன. இடமில்லை. இடமில்லை. இடமில்லை.

"இந்த இங்கிலீசுதான்," என்றாள். "இதத்தான் அவுரு போட்டோ புடிச்சு மேனேஜர் சாருக்கு அனுப்புனாரு, எங்கிட்டயும் காட்டுனாரு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் மேலே தள்ளிக்கொண்டே போனாள். பிறகு மேஜையில் வைத்தாள்.

மரியலூர்து ஆவணியிலேயே ஸ்ரீதருக்கு அனுப்பிய போட்டோ. இதே பெட்டி, இதே வரி. கீழே அவன் எழுதியிருந்தது: சார் இது என்னான்னு பாருங்க ரெண்டு நாளா இதே வருது.

அதற்கும் கீழே ஸ்ரீதரின் பதில். சொல் எதுவும் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் சந்திரலேகா.

ஸ்ரீதர் போனைப் பார்த்தான். கைக்குட்டையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல."

"பாத்துட்டேன்னு அர்த்தம் மேடம்."

சந்திரலேகா பிரிண்ட்அவுட்டைத் தனியாக ஒரு கவரில் போட்டாள். வேறு காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"இப்ப விட்டுருவாங்களா?" என்றாள் சகாயசெல்வி.

"இது இன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போயிடும். காலையில ரிமாண்ட் கேக்க அவுங்ககிட்ட ஒண்ணும் இருக்காது," என்றாள் சந்திரலேகா, தலை நிமிராமல். "நீங்க காலையில போங்க."

சகாயசெல்வி தலையாட்டினாள். எழிலன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"அந்த ஊக்கக் குடு தம்பி. நல்ல பொடவைக்குக் குத்தணும்."